வடமொழிப் பெயரின் பொருளைக் கண்டறிவது எப்படி?

முதலில் பெயரின் மூல ஒலியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏனெனில் தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தோன்றுபவை வடமொழியில் வெவ்வேறு சொற்களாக இருக்கக்கூடும். பாலகிருஷ்ணன் என்பதிலுள்ள ‘பால’ ஆங்கில ‘b’ போன்ற மெலிந்த ஒலியுடன் தொடங்கிக் குழந்தையைக் குறிக்கிறது. கோபாலன் என்பதில் வருவதோ, நம் நாவில் மெலிந்து ஒலித்தாலும், மூலத்தில் ‘பழம்’ என்பதன் முதலெழுத்தைப் போல வல்லொலி கொண்டு ‘காப்பவன்’ எனப் பொருள்படுகிறது. ‘கோ’ பசுவாதலின், முழுப்பெயர் பசுக்களைக் காப்பவனைச் சுட்டும். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும் என்பதால் இங்கே நிதானம் மிகவும் தேவை.

அடுத்து, பெயரைப் பிரித்துப் பாருங்கள். கண்ணனின் பேரனான அநிருத்தன் பெயரில், ‘அ’ எதிர்மறை, ‘நிருத்த’ தடுக்கப்பட்டது, ஆகவே அவன் தடுக்கப்படாதவன். இறுதியாக, 1899 இல் வெளிவந்த மோனியர் வில்லியம்ஸின் வடமொழி-ஆங்கில அகராதியில் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும். பெயர்ப்பட்டியல்கள் தரும் இனிய பொருளை மட்டும் நம்பிவிடலாகாது.