புனிதர் மோதிரம் மண்ணிலிருந்து கிடைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பக்தர்கள் விரும்பி அணிந்த மோதிரம் ஒன்று உண்டு. தங்கத்திலோ பொன்முலாம் பூசிய வெள்ளியிலோ செய்து, முகப்பில் புனிதரின் உருவத்தைச் செதுக்கியிருப்பார்கள். சிலவற்றில் முகப்பு கூரைபோல இருபுறமும் சரிந்து, சரிவுக்கு ஓர் உருவம் இருக்கும். தோள் பகுதியில் பூவும் இலையும், செதுக்கிய கோடுகளுக்குள் எனாமல் என்ற நிறக் கண்ணாடிப் பூச்சு. 1530களில் எட்டாம் ஹென்றி காலத்து மதச் சீர்திருத்தம் வந்தபின் இந்த வழக்கம் மங்கிப்போனது. இன்று இந்த மோதிரங்களில் பல, உழுத வயலில் மெட்டல் டிடெக்டரோடு தேடுபவர்களின் கையில்தான் முதலில் சிக்குகின்றன. ஐந்நூறு ஆண்டு மண்ணில் தாங்கிய பொருள் வெளியே வந்த ஒரு மணி நேரத்தில் பாழாவதுதான் மனதை வருத்துகிறது.

எல்லாவற்றிலும் பெரிய கேடு, துடைப்பது. ஒட்டியிருக்கும் மண்ணில் மணல் துகள்கள் உண்டு. அவை தங்கத்தைவிடக் கடினமானவை. கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தாலே முகப்பில் கீறல் விழும். பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடாவும் அலுமினியத் தாளும், வெள்ளிப் பாலிஷ் எதுவும் வேண்டாம். மெல்லிய முலாம் உரிந்துவிடும். கோடுகளில் எஞ்சிய எனாமல் உதிர்ந்துவிடும். அந்தத் துணுக்குதான் மோதிரம் முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்பதற்குச் சாட்சி. சுத்தம் செய்த மோதிரத்தின் மதிப்பும் குறையும்.

நசுங்கிய வளையத்தை நிமிர்த்தவும் கூடாது. பழைய வெள்ளியில் கலந்திருக்கும் செம்பு மண்ணுக்குள் அரித்துப்போவதால் உலோகம் நொறுங்கும் தன்மை அடைகிறது, வளைத்தால் ஒடியும். மண்ணோடு அப்படியே அமிலமற்ற மெல்லிய தாளில் வைத்து, கடினமான சிறு பெட்டியில் போடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை விளிம்புகளில் மாட்டிக்கொள்ளும். ஹீட்டர் மேல் வைத்து உலர்த்தவும் வேண்டாம்.

தேடும்போதே நடக்கும் தவறு ஒன்று. குப்பைச் சத்தம் வேண்டாமென்று டிடெக்டரின் வடிகட்டலை உயர்த்திவிடுகிறார்கள். மெல்லிய தங்க மோதிரமும் பான டப்பாவின் இழுப்பு வளையமும் டிடெக்டரின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். குப்பையை ஒதுக்கினால் தங்கமும் போகும். வளையம் உடைந்திருந்தால் மின்னோட்டம் சுற்றிவர வழியின்றி ஒலி இன்னும் மெலியும். ஒலி வந்த இடத்தின் நடுவே மண்வெட்டியை இறக்காமல், தள்ளி வெட்டி மண்கட்டியை முழுதாக எடுத்து, கைக்கருவியால் துழாவுங்கள். உழவு படாத அடி மண்ணில் பொருள் தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளரை அழையுங்கள்.

“அந்த வேலியோரம்” என்று குறித்துக்கொள்வது போதாது. வரைபடத்தில் இடத்தை எண்களால் குறிக்கும் பிரிட்டனின் தேசியக் கட்டக் குறியீட்டில் 6 இலக்கம் 100 மீட்டர் சதுரத்தையும், 8 இலக்கம் 10 மீட்டர் சதுரத்தையும் காட்டும். குறைந்தது 8 இலக்கமாவது எழுதி, ஆழத்தையும் குறியுங்கள். இடம் தெரியாத மோதிரம் வரலாற்றுக்குப் பாதிதான் பயன்படும்.

சட்டத்தில் தடுமாறுபவர்கள் பலர். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்தின் விதி வேறு. 300 ஆண்டுக்கு மேற்பட்டு, எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் ஒற்றை மோதிரமும் புதையல்தான். 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் வட்டாரத் தொல்பொருள் தொடர்பு அலுவலர் இதற்கு உதவுவார். மறைத்தால் 3 மாதம் வரை சிறை. முலாம் பூசிய செம்பு மோதிரத்தில் தங்கம் 10 சதவீதத்தைத் தொடாது, ஆகவே பொதுவாக அது புதையல் ஆகாது. என்றாலும் அந்த அலுவலரிடம் பதிவுசெய்யக் கொடுங்கள். நில உரிமையாளரின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்காவிட்டால் புதையலுக்குக் கிடைக்கும் பரிசுத்தொகையில் தகராறு வரும். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் அரசு அனுமதியின்றி டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம்.

அடையாளம் சொல்வதில் அவசரம் வேண்டாம். டிராகனைக் கண்டதும் புனித ஜார்ஜ் என்று எழுதிவிடுவார்கள். டிராகனோடு இருப்பது பெண் உருவமாக இருந்தால் அது புனித மார்கரெட். சக்கரம் கத்தரீனுக்கு, கோபுரம் பார்பராவுக்கு, ஆட்டுக்குட்டி திருமுழுக்கு யோவானுக்கு. தோளில் குழந்தையுடன் கோலூன்றி நிற்பவர் கிறிஸ்தோபர். காஸ்பர், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் மோதிரக்காரரின் பெயர்கள் அல்ல. வலிப்பு நோய்க்குக் காப்பாக எழுதிய, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் பெயர்கள். “ஆன் பொன் ஆன்” என்பது லத்தீன் அல்ல, பிரெஞ்சு: புத்தாண்டு வாழ்த்து.

வளையத்தின் உட்புறத்தைப் பார்க்க மறக்காதீர்கள். நவீன ஹால்மார்க் இருந்தால் அது பிற்காலத்து நகலாக இருக்கலாம். படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழச் செய்யுங்கள். தேய்ந்த கோடுகள் நிழலால் எழும். முகப்பு, இரு தோள்கள், உட்புறம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல்.