மோட்டாரின் எடையைப் பார்க்காதீர்கள், இழுவையைப் பாருங்கள்: வீட்டில் மின் ஸ்கூட்டர் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதலில் செய்த மின் ஸ்கூட்டர், சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவைத்து ஓட்டியவரை அருமையாக ஓடியது. ஏறி நின்று ஒரு சிறு மேட்டில் விட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம். செயின் தரையில் கிடந்தது. மாட்டினேன், மறுபடி கழன்றது. செயின் மட்டம் என்று திட்டி, புதிது வாங்கிப் போட்டேன். அதுவும் கழன்றது. கடைசியில் ஒரு நண்பர், சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) லேசாகத் தொடச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். மோட்டாரே சக்கரத்தை நோக்கித் தலையாட்டிக்கொண்டிருந்தது.

3 மில்லிமீட்டர் அலுமினியக் கோணத்தை ஒட்டுப்பலகையில் திருகி, அதன்மேல் மோட்டாரை உட்காரவைத்திருந்தேன். இரண்டு கிலோ சொச்சம் எடையுள்ள பொருளுக்கு அது தாராளம் என்று நினைத்தேன். பலரும் செய்யும் பிழை இதுதான். எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. செயினோ பக்கவாட்டில் இழுக்கிறது. 24 வோல்ட், 250 வாட் மோட்டார் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றும்போது தரும் முறுக்குவிசை சுமார் 0.9 நியூட்டன் மீட்டர்தான். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 11 பல் கொண்ட சின்னப் பல்சக்கரத்தின் ஆரம் சுமார் 11 மில்லிமீட்டர் என்பதால், செயினில் விழும் இழுவை ஏறத்தாழ 80 நியூட்டன். அதாவது 8 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். புறப்படும்போதும் மேடேறும்போதும் இது இரண்டு மூன்று மடங்காகும். ஒரே பக்கம் பிடிமானமுள்ள மெல்லிய தகடு வளையாமல் என்ன செய்யும்?

ஆகவே மோட்டாரையும் சக்கர அச்சையும் ஒரே தகட்டில் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். 5 அல்லது 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போதும். முடியாவிட்டால் மோட்டாரின் மறுமுனைக்கும் ஒரு தாங்கி கொடுங்கள். மரப்பலகையில் நேரடியாகப் போல்ட் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மரம் நசுங்கி இறங்க இறங்க, எவ்வளவு முறுக்கினாலும் நட் தளர்ந்துகொண்டே இருக்கும்.

செயினை இறுக்க, துளைகளை நீள்துளைகளாக வெட்டுவது வழக்கம். நல்லதுதான். ஆனால் போல்ட்டின் பிடி ஒன்றையே நம்பினால் மோட்டார் மெல்ல மெல்லச் சக்கரத்தை நோக்கி வழுக்கி வரும். அது நகரப் பார்க்கும் திசையில் ஒரு போல்ட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். செயினைச் சரிசெய்யவும் அதுவே உதவும். இரண்டு பல்சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் அளக்காமல், பெரிய பல்சக்கரத்தின் முகத்தில் இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். செயினை வீணைத் தந்திபோல இறுக்குவதும் தவறு. அச்சுகளுக்கு இடையே 20–30 சென்டிமீட்டர் இருந்தால், நடுவில் விரலால் அழுத்தும்போது அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் அசைய வேண்டும். சக்கரத்தை முழுச் சுற்று சுற்றி, செயின் மிக இறுக்கமாகும் இடத்தில் இதைப் பாருங்கள். பெரிய பல்சக்கரம் துல்லியமான மையத்தில் அமர்வது அபூர்வம்.

முன்முகத்தில் திருகுத் துளை உள்ள மோட்டார்களில் வேறொரு பொறி இருக்கிறது. கையில் கிடைத்த நீளமான திருகைப் போட்டு முறுக்கினால், அதன் நுனி உள்ளே போய்க் கம்பிச்சுருளைக் கீறிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மோட்டார் புகையும்போதுதான் தெரியும். துளைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தோடு தகடு, வாஷர் இரண்டின் தடிமனையும் கூட்டி, அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைக் கழித்தால் திருகின் நீளம் கிடைத்துவிடும். மோட்டாரின் உடலிலேயே வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. சூட்டில் உள்ளிருக்கும் காந்தங்கள் வலுவிழக்கும்.

செயினைச் சக்கரத்தின் எந்தப் பக்கம் போடுவது என்பதையும் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வலப்பக்கத்துக்கென்று செய்த ஃப்ரீவீலை (ஒரு திசையில் மட்டும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் பல்சக்கரத்தை) இடப்பக்கம் மாட்டினால், மோட்டார் சுற்றும், சக்கரம் நிற்கும். சாதாரண வலமரை (வலஞ்சுழியாகச் சுற்றினால் இறுகும் மரை) உள்ள பல்சக்கரத்தை இடப்பக்கம் திருகினால், ஓட ஓட அது தானே கழன்றுவரும்.

செயினே வேண்டாம் என்று சக்கரத்துக்குள்ளேயே அமையும் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால், இழுவை முழுவதும் அச்சின் மேல் விழும். சக்கரம் முன்னே சுற்ற, அச்சு பின்னே சுற்றப் பார்க்கும். அச்சின் இரு பக்கத் தட்டை முகங்கள்தான் அதைத் தடுக்கின்றன. அச்சைத் தாங்கும் அலுமினியக் கவட்டையில் நட்டின் இறுக்கத்தை மட்டும் நம்பினால், அச்சு ஒருநாள் உருண்டு, அதன் வழியே வரும் ஒயர்களைத் திருகி அறுத்துவிடும். இதற்கென்றே உள்ள இரும்புத் தடுப்புக் கையை அச்சில் மாட்டி, மறுமுனையைச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும் கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) என்றால் விசை இரு திசையிலும் மாறி மாறி வரும். அச்சின் இரு பக்கமும் ஒவ்வொரு தடுப்புக் கை போடுவது நல்லது.

வேக ஆசை அடுத்த தவறு. 200 மில்லிமீட்டர் சக்கரத்தை 2,700 சுற்றில் நேரடியாகச் சுழற்றினால் கணக்குப்படி மணிக்கு 100 கிலோமீட்டர் வரும். அந்த 250 வாட் மோட்டாருக்கு அதற்கான வலு கிடையாது. புறப்படவே திணறிச் சூடாகும். மோட்டாரில் 11 பல், சக்கரத்தில் 55 பல் என்றால் சுமார் 20 கிலோமீட்டர். நின்றுகொண்டு ஓட்டும் ஸ்கூட்டருக்கு அது போதும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே இருக்கட்டும், கண்ட்ரோலர் பக்கத்தில் அல்ல. பிரேக் கைப்பிடியை அழுத்தினால் மோட்டார் நிற்கும் இணைப்பை விட்டுவிடாதீர்கள். த்ராட்டிலின் மூன்று ஒயர்களில் எதிர்முனை ஒயர் அறுந்தால், சில கண்ட்ரோலர்கள் அதை முழு வேகம் என்று எடுத்துக்கொண்டு பாயும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து முதல் சோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

எல்லா நட்டுகளையும் இறுக்கியபின், நட்டின் மேலிருந்து தகடுவரை நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவந்து பாருங்கள். கோடு எங்கே முறிந்திருக்கிறதோ, அந்த நட் நகர்ந்திருக்கிறது. என் வண்டியில் எப்போதும் பின்பக்க இட மூலை நட்தான்.