லாபியிஸ்டாக இருந்த அப்பாவுக்கு நினைவுரை எழுதுவது எப்படி

என் மாமனார் கலிஃபோர்னியாவின் தலைநகரான சேக்ரமென்டோவில் முப்பது வருடத்துக்கு மேல் லாபியிஸ்டாக இருந்தவர். ஒரு சங்கமோ நிறுவனமோ சம்பளம் கொடுத்து அமர்த்தும், அவர்கள் சார்பில் இவர் சட்டமன்ற உறுப்பினர்களையும் அவர்களிடம் வேலை பார்க்கிறவர்களையும் பார்த்து இந்த மசோதாவை ஆதரியுங்கள், அந்த வரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று பேசுவார், அதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் அவரைப் போலக் கூத்தடிக்கிற ஆள் கிடையாது. அவர் போனதும் நினைவுக் கூட்டத்தில் பேசும் பொறுப்பு என் மனைவிக்கு வந்தது, எழுத நானும் உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் ஒரு பக்கம் முழுக்கப் பதவிகள், அடுத்த பக்கம் பாசமான அப்பா. மாமியாரிடம் படித்துக் காட்டினோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதில் அவர் எங்கே?" என்று மட்டும் கேட்டார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினோம். இப்படி ஒரு அப்பாவைப் பற்றி எழுத வேண்டியவர்களுக்கு அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் எதுவும் எழுதாதீர்கள், கேளுங்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள், அதை வைத்து ஒரு வரியும் எழுத முடியாது. "அவரோடு வயிறு வலிக்கச் சிரித்தது எப்போது, எந்த இடத்தில், அப்போது அவர் என்ன போட்டிருந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும்போதே அனுமதி வாங்கி போனில் பதிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் அந்த வாரத்தில் உங்கள் தலையில் எதுவும் நிற்காது.

எங்களுக்கு அப்படிக் கிடைத்ததுதான் நாய்க் கதை. என் மனைவிக்கு ஒன்பது வயதில் நாய் வேண்டும் என்று ஒரே அடம். மாமா முடியாது என்று சொல்லவில்லை, சாப்பாட்டு மேஜையைக் குழுக் கூட்டம் ஆக்கிவிட்டார். மசோதாவை எழுதிக் கொண்டு வா, செலவு எவ்வளவு என்று போடு, ஆறு ஓட்டில் நான்கு வேண்டும், போய்ச் சேர்த்துக்கொண்டு வா என்றாராம். இவள் பாட்டியின் தோட்டத்துக்கு ஒரு மாதம் தண்ணீர் விட்டு ஒரு ஓட்டு வாங்கினாள், அண்ணனுக்குத் தன் ஐஸ்கிரீமைக் கொடுத்து இன்னொன்று. ஓட்டெடுப்பு அன்று மாமா டை கட்டிக்கொண்டு, மரக் கரண்டியால் மேஜையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார். இந்த ஒரு கதையில் அவருடைய வேலையும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. வேலையை ஒரு பத்தியிலும் குடும்பத்தை அடுத்த பத்தியிலும் வைக்காமல், இரண்டும் ஒன்றாகத் தெரிகிற சம்பவங்களாகத் தேடுங்கள். அப்படிப்பட்ட கதை மூன்று கிடைத்தால் போதும், உரை தானாக நிற்கும்.

வேலையின் காலண்டரை வீட்டுக் காலண்டர் மேல் வைத்துப் பார்த்தாலும் நிறையக் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் இரட்டைப்படை ஆண்டுகளில் மசோதாக்களை நிறைவேற்றக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. அந்த வாரம் லாபியிஸ்டுகள் நள்ளிரவு வரை மன்றத்துக்கு வெளியே வராந்தாவில்தான் நிற்பார்கள். என் மனைவியின் பிறந்தநாள் ஆகஸ்ட் 29. அதனால் அந்த ஆண்டுகளில் அந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் செப்டம்பர் முதல் வாரம்தான், ஆனால் அன்றைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி நடக்கும். நீங்களும் இப்படி எந்தக் கொண்டாட்டம் தள்ளிப் போனது, எதற்கு அவர் வராமல் போனார், அதை எப்படி ஈடு கட்டினார் என்று பாருங்கள். வராமல் போனதையும் எழுதுங்கள், பிள்ளைகள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது அந்த லாபியிஸ்ட் என்கிற வார்த்தை. பலர் அதை மறைத்து "அரசு உறவுகள் ஆலோசகர்" என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். அந்த வார்த்தைக்குக் கெட்ட பேர் சும்மா வரவில்லை. சேக்ரமென்டோவிலேயே ஆர்ட்டி சாமிஷ் என்கிற பெரிய லாபியிஸ்ட், 1949-ல் கோலியர்ஸ் பத்திரிகைக்கு ஒரு பொம்மையை மடியில் வைத்து, இதுதான் என் சட்டமன்றம் என்கிற மாதிரி போஸ் கொடுத்தார், பிற்பாடு வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார். 1974-ல் வாக்காளர்கள் கொண்டுவந்த அரசியல் சீர்திருத்தச் சட்டம், ஒரு லாபியிஸ்ட் ஒரு அதிகாரிக்கு மாதம் 10 டாலருக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டிவிட்டது. என் மாமனார் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த 10 டாலர்தான் எல்லை, அவர் சட்டைப் பையில் காபி ரசீதுகள் மடித்து மடித்து இருக்கும். இதையெல்லாம் கூட்டத்தில் பேசும்போது இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும், தெரியாதவர்களுக்கும் அவர் என்ன செய்தார் என்று புரிந்துவிடும்.

அவர் செய்த வேலைக்கு ஆதாரம் தேடுவது நினைப்பதை விட எளிது. மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் கால்-ஆக்சஸ் தளத்தில் அவர் எந்த வருடம் யாருக்காகப் பதிவு செய்திருந்தார் என்று பார்க்கலாம். அந்த அமைப்புகளின் பெயரை வைத்துக்கொண்டு மசோதாக்களின் குழு ஆய்வறிக்கைகளைப் பாருங்கள், கடைசிப் பக்கத்தில் ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என்று பட்டியல் இருக்கும். அதைவிடப் பழையது வேண்டுமென்றால் சேக்ரமென்டோவில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது, மசோதாக் கோப்புகளில் அப்போது வந்த கடிதங்களும் இருக்கும். அப்பாவின் கையெழுத்தோடு ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

ஆனால் எங்களுக்குப் பெரிய பொக்கிஷம் வீடியோதான். 2016-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 54-ஆவது முன்மொழிவு, சட்டமன்றத்தின் பொதுக் கூட்டங்களையெல்லாம் வீடியோ எடுத்து இணையத்தில் போட வேண்டும் என்றும், 20 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கால்மேட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் டிஜிட்டல் டெமாக்ரசி தளத்தில் யார் எப்போது பேசினார்கள் என்று தேடவும் முடியும். குழுக் கூட்டங்களில் முக்கியச் சாட்சிகள் பேசி முடித்ததும் மற்றவர்கள் வரிசையாக மைக்குக்கு வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். மாமா அப்படி வந்த ஒரு பதிவு கிடைத்தது, மொத்தம் நான்கு விநாடி. பேசுவதற்கு முன்னால் மைக் நிற்கிற மேஜையை நடுவிரலால் இரண்டு தட்டு தட்டுகிறார். வீட்டில் கதை சொல்ல ஆரம்பிக்கும்போதும் அதே இரண்டு தட்டு. என் மனைவி அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாள் என்று எனக்குக் கணக்கில்லை.

அப்புறம், எதிர்த் தரப்பில் நின்றவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். இருபது வருடம் எதிரெதிராக நின்றவருக்கு அப்பாவைப் பற்றித் தெரிவது கூட இருந்தவர்களுக்குத் தெரியாது. எங்களிடம் ஒருவர் சொன்னார்: "அவர் என்னிடம் ஓட்டு எண்ணிக்கையைப் பற்றி ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை, தோற்கப் போகிற நாளிலும்." அந்த வாக்கியத்தை அப்படியே உரையில் வைத்தோம். இந்தத் தொழிலில் கதைகள் சாப்பாட்டுக் கடைகளிலும் கிடக்கும். சட்டமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் 1939-லிருந்து இருக்கிற ஃப்ராங்க் ஃபேட்ஸ் உணவகத்தில்தான், 1987-ல் வக்கீல்கள், மருத்துவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாரும் நஷ்டஈட்டுச் சட்டம் பற்றிய சமரசத்தை ஒரு நாப்கினில் எழுதினார்கள். அப்பா வழக்கமாகப் போகிற கடை எது என்று தெரிந்தால் அங்கே போய் உட்காருங்கள், பரிமாறுகிறவரிடம் கேளுங்கள்.

தோற்ற மசோதாக்களைச் சொல்லுங்கள். செலவு பிடிக்கிற மசோதாக்களை நிதிக் குழு "சஸ்பென்ஸ் ஃபைல்" என்று ஒதுக்கி வைத்து, பிறகு ஒரே நாளில் மளமளவென்று முடிவு சொல்லும், நிறைய மசோதாக்கள் அங்கேயே செத்துப் போகும். மாமா சின்ன ஊர் நூலகங்களுக்காக எடுத்துப் போனது அங்கே மூன்று தடவை செத்தது. நான்காவது தடவையும் எடுத்துப் போனார். ஜெயித்த பட்டியலை விட இதுதான் அவர். குடும்பத்துக்கே பிடிக்காத வாடிக்கையாளர் ஒருவர் இருந்தாரா? நியாயம் கற்பிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். அது பற்றி வீட்டில் சண்டை நடந்திருந்தால், நடந்தது என்று ஒரு வரி போதும். எங்கள் உரையில் அந்த வரி இருந்தது, மாமியார்தான் வைக்கச் சொன்னார்.

சட்டமன்ற வழக்கம் ஒன்றும் உண்டு. அன்றைய அமர்வை முடிக்கும்போது ஒருவர் நினைவாக ஒத்திவைப்பார்கள். அப்பாவைத் தெரிந்த உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். பிறந்த ஊர், குடும்பம், வேலை, ஒரு சின்னக் கதை என்று ஒரு பக்கக் குறிப்பை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் சுலபம். அப்பா வாஷிங்டனில் வேலை பார்த்தவர் என்றால், 1995-ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டத்தின்படி போட்ட அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் தளங்களிலும் கிடைக்கும், குழுக்களில் சாட்சி சொன்னவர் என்றால் நாடாளுமன்ற நிகழ்வுகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் காப்பகத்தில் தேடுங்கள். நாடாளுமன்ற நடவடிக்கைகளின் பதிவேடான காங்கிரஷனல் ரெக்கார்டில் ஒரு அஞ்சலிக் குறிப்பைச் சேர்க்கும்படி உறுப்பினரிடம் கேட்கலாம்.

பத்திரிகைக்குக் கொடுக்கிற இரங்கல் செய்தி வேறு. அது பெரும்பாலும் காசு கட்டிப் போடுவது, நீளத்துக்கு ஏற்றபடி கட்டணம். அதில் முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி, அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் இதெல்லாம் போடாதீர்கள், இறந்தவர் பெயரில் மோசடி செய்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். கூட்ட நேரத்தில் வீடு பூட்டியிருக்கும் என்பதும் ஊருக்கே தெரியும், அதனால் ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

பேசுவது ஏழு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு கதையாக அச்செடுங்கள். இன்னொரு பிரதியை முதல் வரிசையில் உட்காருகிறவரிடம் கொடுத்து வையுங்கள், தொண்டை அடைத்தால் அவர் எழுந்து தொடரட்டும். சிரிக்கிற கதையை முதலில் வையுங்கள், கூட்டத்துக்குச் சிரிக்கலாம் என்று தெரிந்துவிட்டால் பிறகு அழவும் சங்கடப்படாது. என் மனைவி நாய்க் கதையில் ஆரம்பித்து, அந்த நான்கு விநாடியை ஸ்பீக்கரில் போட்டு முடித்தாள். போடுவதற்கு முன்னால் ஒலியை அரங்கத்தில் சோதித்துப் பாருங்கள், நாங்கள் முதல் நாள் சாயங்காலமே போய்ப் பார்த்ததால்தான் அந்த இரண்டு தட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.