ரிப்பன் சரியாக இருந்தால் பார்கோடு நிற்கும்: தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டிங், முதல் ரோலிலிருந்து

பர்ஸுக்குள் மறந்துபோன ரசீதைச் சில மாதம் கழித்து எடுத்தால் எழுத்தே இருக்காது. அது டைரக்ட் தெர்மல்: தாளில் பூசிய ரசாயனம் சூட்டில் கறுக்கும், பிறகு வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிவிடும். தெர்மல் டிரான்ஸ்ஃபரில் மை, ரிப்பன் என்ற மெல்லிய பிலிம் சுருளில் இருக்கிறது. பிரிண்ட் ஹெட்டின் சூட்டில் உருகி லேபிளில் ஒட்டிக்கொள்கிறது. பொருத்தமான ரிப்பன் போட்டால் வருடக்கணக்கில் அழியாது. பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் லேபிளிலும் அச்சாகும். இரண்டு நாளில் கிழித்தெறியும் பார்சல் லேபிளுக்கு மட்டும் இது வீண்செலவு.

படி 1: லேபிளை நகத்தால் வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது டைரக்ட் தெர்மல் தாள். ஒதுக்கி வையுங்கள்.

படி 2: லேபிளுக்கேற்ற ரிப்பன் எடுங்கள். சாதாரணக் காகிதத்துக்கு வேக்ஸ் (மெழுகு மை) போதும். பளபளப்பான காகிதம், கொஞ்சம் உரசல் என்றால் வேக்ஸ்-ரெசின் (மெழுகும் பிசினும் கலந்தது). பாலியெஸ்டர் லேபிள், ரசாயனம் படும் இடம் என்றால் ரெசின்தான். பிளாஸ்டிக் லேபிளில் வேக்ஸ் அடித்துவிட்டு, விரல் பட்டதும் அழிகிறதே என்பவர்கள்தான் அதிகம். ரிப்பன் லேபிளைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் லேபிளின் ஓரம் ஹெட்டை உரசித் தேய்க்கும்.

படி 3: மை எந்தப் பக்கம்? ஒரு லேபிளின் பசைப் பக்கத்தை ரிப்பனில் ஒட்டி உரியுங்கள். கறுப்பு ஒட்டிக்கொண்டு வரும் பக்கம்தான் மைப்பக்கம். அது லேபிளைப் பார்த்து இருக்கவேண்டும். ரிப்பனைத் தலைகீழாக மாட்டிவிட்டு, வெற்று லேபிளாக வருகிறதே என்று நான் அரைநாள் பிரிண்டரை அவிழ்த்துப் போட்டதுண்டு.

படி 4: ரிப்பனைச் சுருக்கமில்லாமல் மாட்டி, காலிபரேஷன் (லேபிளின் நீளத்தையும் இடைவெளியையும் பிரிண்டரே அளந்துகொள்வது) ஓட்டுங்கள். கணினியின் பிரிண்டர் டிரைவரில் தெர்மல் டிரான்ஸ்ஃபர் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள்.

படி 5: சூட்டைக் குறைவாக வைத்துத் தொடங்கி, கறுப்பு நிறைவாக வரும்வரை ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். அதற்குமேல் ஏற்றினால் கோடுகள் தடித்து இடைவெளியை அடைத்துவிடும், ஹெட்டின் ஆயுளும் குறையும். ரெசினுக்குச் சூடு கூடுதலாகவும் வேகம் குறைவாகவும் வேண்டும்.

படி 6: பார்கோடின் அளவு. 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) ஹெட்டில் ஒரு புள்ளி 0.125 மி.மீ. கடைப் பொருட்களில் இருக்கும் 13 இலக்க இஏஎன்-13 பார்கோடின் மெல்லிய கோடு வழக்கமாக 0.33 மி.மீ.; அதாவது இரண்டரைப் புள்ளிக்குச் சற்று மேல். அரைப் புள்ளி அடிக்க முடியாததால் சில கோடுகள் மெலிந்தும் சில தடித்தும் விழும். 3 புள்ளியாக, 0.375 மி.மீ. வையுங்கள். 300 டிபிஐ பிரிண்டரென்றால் 4 புள்ளி சரியாக வரும். பார்கோடைப் படமாக ஒட்டி இழுத்துப் பெரிதாக்கவே கூடாது. இடப்பக்கம் 11, வலப்பக்கம் 7 மெல்லிய கோடுகளின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள்.

அடித்ததைத் துணியால் தேய்த்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

ரிப்பன் மாற்றும்போதெல்லாம், பிரிண்டரை அணைத்து, ஹெட் ஆறியபின் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். லேபிள் ஓடும் திசையில் நேராக வெள்ளைக் கோடு வந்தால் ஹெட்டில் அழுக்கு. துடைத்தும் போகாவிட்டால் ஹெட்டில் சூடாகும் அந்தப் புள்ளி செத்துவிட்டது, ஹெட்டையே மாற்றவேண்டும். சாய்வான கோடென்றால் பதறாதீர்கள். ரிப்பனில் சுருக்கம் விழுந்திருக்கிறது, இழுத்து மாட்டினால் போதும்.