ஸ்னேர் டிரம் ஸ்டாண்ட் வாங்கப் போறீங்களா? இதைக் கொஞ்சம் பாருங்க

டிரம்முக்கு நிறைய செலவு பண்ணிட்டு, ஸ்டாண்டை மட்டும் கையில் கிடைத்ததை எடுத்து வருபவர்கள் அதிகம். வாசிக்கும்போது ஸ்னேர் (அடியில் கம்பிகள் பூட்டிய டிரம்) லேசாக ஆடினாலே கை தடுமாறும், அதனால் இதில் அலட்சியம் வேண்டாம்.

முதலில் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு காலும் இரட்டைப் பட்டையாக இருந்தால் அழுத்தி அடித்தாலும் நிற்கும். விரித்து வைத்து, மேலே கையால் அழுத்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரப்பர் பாதங்கள் கெட்டியாக இருக்கட்டும்.

அடுத்து உயரம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எவ்வளவு மேலே போகும் என்று பார்க்கிறோமே தவிர, எவ்வளவு கீழே இறங்கும் என்று பார்ப்பதில்லை. 14 அங்குல விட்டமுள்ள ஸ்னேரிலேயே 5 அங்குல ஆழமும் உண்டு, 6.5 அங்குல ஆழமும் உண்டு. ஆழமான டிரம் என்றால் ஸ்டாண்ட் அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தோளைத் தூக்கிக்கொண்டே வாசிக்க வேண்டியதுதான். உயரக் குழாயில் மெமரி லாக் வளையம் (வைத்த உயரத்தைக் குறித்து நிறுத்தும் வளையம்) இருந்தால் நல்லது, ஒவ்வொரு முறையும் அளவு தேட வேண்டாம்.

சாய்வுக்குப் பல் வைத்த அமைப்பு படிப்படியாகத்தான் நகரும். பந்து மூட்டு இருந்தால் நினைத்த கோணத்தில் நிறுத்தலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.

டிரம்மைத் தாங்கும் மூன்று கைகளை ரொம்ப இறுக்காதீர்கள், ஒலி அமுங்கிப்போகும். டிரம் அசையாமல் உட்கார்ந்தால் போதும். அந்தக் கைகள் ஸ்னேர் கம்பிகளிலோ அவற்றைத் தளர்த்தும் நெம்புகோலிலோ இடிக்காதபடி திருப்பி வையுங்கள்.