இன்று கட்டும் வீட்டுக்கு 2060-லும் தண்ணீர் வேண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மனை வாங்குவோருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஓரங்களில் இன்று அஸ்திவாரம் போடும் வீடு எப்படியும் நாற்பது வருடம் நிற்கும். அதற்குள் சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிடும், நாலாபக்கமும் போர் (ஆழ்துளைக் கிணறு) இறங்கும், வெயிலும் ஏறும். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. மற்ற ஊர்களும் அதே பாதையில்தான் போகின்றன. இங்கே அடியில் இருப்பது பாறை. போர் ஆழமாகப் போகப் போகப் பாறையிலிருந்து கரைந்த, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு தண்ணீரில் கூடுவது இரண்டு மாவட்டத்திலும் தெரிந்த கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது பெரிய விடிவு. ஆனால் ஊர் பெருக்கப் பெருக்க அந்தத் தண்ணீரைப் பங்குபோடும் வீடுகளும் பெருகும். அதனால் மழைநீரைப் பிடித்து நிலத்தடித் தொட்டியில் (சம்ப்) சேர்த்து, சமைக்கவும் குடிக்கவும் ஆகும் தண்ணீரை உங்கள் மொட்டை மாடியே தரும்படி கட்டிவிடுங்கள். கட்டும்போதே செய்தால் செலவு குறைவு. பிறகு உடைத்துச் செய்வது இரட்டைச் செலவு.

மனை

புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்திலேயே பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணோடு நிறுத்தாமல், அதை ஒட்டிய எண்களில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்று காய்ந்து கிடக்கும் ஓடைக்குத் தன் வழி மறக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெங்கல் புயலின்போது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனது. வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 85 செ.மீ.தான்.

பேஸ்மட்டம் (வீட்டின் தரைமட்டம்) இன்றைய சாலையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் குறைய வேண்டாம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் சில இஞ்ச் ஏறிவிடும். இருபது வருடத்தில் வாசல் பள்ளமாகிவிடும்.

மாடியில் கான்கிரீட் போடும் முன்

தண்ணீர் போகும் வாட்டத்தை மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாக விடாதீர்கள். பத்தடிக்கு ஒன்றேகால் இஞ்ச் வாட்டம் என்று சொல்லி, தளம் முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கி நின்றால் அங்கே பாசி பிடிக்கும், அதுவே தொட்டிக்குள் இறங்கும். 400, 500 சதுர அடிக்கு ஒரு நாலு இஞ்ச் குழாய் வீதம் விடுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு ஒரே குழாய் விட்டால் கனமழையில் மாடி குளமாகும்.

மேலே வெள்ளை நிறக் கூல் டைல்ஸ் ஒட்டினால் வெயிலும் குறையும், தண்ணீரும் சுத்தமாக வரும். குடிநீர் பிடிக்கும் மாடியில் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், முதல் சில மழைத் தண்ணீரில் சுண்ணாம்பின் காரத்தன்மை இருக்கும். 3 கிலோவாட் சூரிய மின் தகடுகளுக்கு ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். தண்ணீர் டேங்கின் நிழல் அதில் விழாதபடி டேங்கை வடக்கே தள்ளி வையுங்கள். மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கும், மீட்டரிலிருந்து போர்ட்டிகோவுக்கும் தலா ஒரு, ஒரு இஞ்ச் வெறும் குழாயை இப்போதே சுவரில் புதைத்துவிட்டால், பின்னாளில் சோலாருக்கும் மின்சார கார் சார்ஜருக்கும் சுவரைக் கொத்த வேண்டாம்.

முதல் மழையை வெளியே விடுவது

பலர் தவறுவது இங்கேதான். மாடியில் படிந்த தூசு, பறவை எச்சம், பக்கத்து குவாரி மாவு எல்லாம் முதல் ஒன்றிரண்டு மி.மீ. மழையில் கழுவி வரும். ஆயிரம் சதுர அடியில் ஒரு மி.மீ. மழை என்றால் 93 லிட்டர். ஆகவே 200 லிட்டர் டிரம் வேண்டும். கடையில் கொடுக்கும் மூன்றடி குழாய்த் துண்டு போதாது, நாலு இஞ்ச் குழாய் மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும்.

மாடிக் குழாய் நேரே டிரம்முக்குள் இறங்கட்டும். டிரம்முக்கு ஓரடி மேலே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு வடிகட்டிக்கு இழுங்கள். டிரம் நிரம்பியதும் தண்ணீர் ஏறி டீ வழியாகத் திரும்பும். டிரம் மூடி கிளாம்ப் வைத்து இறுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் மூடி வழியாகவே எல்லாம் கொட்டிவிடும். டிரம் அடியில் 3 மி.மீ. துளை போடுங்கள், அரை நாளில் அது தானாகக் காலியாகும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் டிரம் நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள்.

வடிகட்டியும் சம்ப்பும்

வடிகட்டியைச் செங்கல் தொட்டியாக, மூன்றுக்கு மூன்றடி அகலம், மூன்றரை அடி ஆழத்தில் கட்டுங்கள். டிரம்மில் வைத்த வடிகட்டி கனமழை வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அடியில் ஓரடிக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி, மேலே அரையடிக்குக் கால் இஞ்ச் ஜல்லி, ஒரு நைலான் வலை, அதற்கு மேல் ஓரடி பெருமணல். வலை இல்லையென்றால் மணல் ஜல்லிக்குள் இறங்கி சம்ப்புக்குப் போய்ச் சேரும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) என்றால் வாளித் தண்ணீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள், அதிலுள்ள பாறை மாவு இரண்டே மழையில் வடிகட்டியை அடைத்துவிடும்.

ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர். கார்த்திகை முடிந்தால் கோடை மழை வரை ஐந்து மாதம் வறட்சி என்று வைத்தால் 3,750 லிட்டர். ஆறடிக்கு ஆறடி, ஐந்தடி ஆழம் தண்ணீர் நிற்கும் சம்ப் 5,000 லிட்டர் பிடிக்கும், போதும். கழிவுநீர்த் தொட்டியை மனையின் எதிர்மூலைக்குத் தள்ளுங்கள். சம்ப்பில் வெளிச்சம் புகக் கூடாது, காற்றுக் குழாயிலும் வழிநீர்க் குழாயிலும் கொசுவலை இருக்க வேண்டும். சிமெண்ட் பூச்சு ஆறிய பின் இருமுறை நிரப்பிக் கொட்டுங்கள்.

மிச்சத் தண்ணீர்

ஆயிரம் சதுர அடி மாடியில் வருடத்துக்கு 60,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும், சம்ப் கொள்வது அதில் ஒரு பங்குதான். வழிவதை உறிஞ்சுகுழிக்கு விடுங்கள். களிமண்ணோடு நிறுத்தினால் குழி குட்டையாகும். மொரம்பு (சரளை மண்) தட்டும்வரை தோண்ட வேண்டும். வற்றிய போருக்குள் விடுவதானால் வடிகட்டிய தண்ணீர் மட்டுமே விடலாம். வாய்க்கு இரும்பு மூடி போட்டுப் பற்றவைப்பது கட்டாயம், குழந்தைகள் உயிர் சம்பந்தப்பட்டது.

குடிக்கும் முன்

சம்ப் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். அல்லது 5,000 லிட்டருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரைமணி கழித்து எடுங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, இன்னும் கெட்டிப்படும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டினால் அதை வாயில் வைக்கவே வேண்டாம்.

மாசிக் கடைசியில் சம்ப்புக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு ஈரம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். இந்த அளவுச் சம்ப்பில் ஓரடி என்றால் ஆயிரம் லிட்டர், அதாவது நாற்பது நாள். இரண்டடிக்குக் குறைவாக இருந்தால் அன்றிலிருந்து குடிக்கவும் உலைக்கும் மட்டும் இதிலிருந்து எடுங்கள், அரிசி, பருப்பு கழுவ ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் போதும்.