பிளாற்றினக் குழாய்க்குள் அன்ரிமனி: எங்கே பிழை விடுகிறோம்

வன்னியில் உயர்தர இரசாயனவியல் படித்த எவருக்கும் பிளாற்றினம் என்றால் எதற்கும் அசையாத உலோகம். உலோகப்போலியான அன்ரிமனி சுடுநீரில் எவ்வளவு கரையும் என்று அளக்க, அதை நீரோடு பிளாற்றினக் குழாயில் அடைத்து, உருக்கு வெளிக்கலத்துக்குள் வைத்துச் சூடாக்கும்போது அந்தப் பாடம் காலை வாரிவிடும்.

குழாயை வெறும் பாத்திரமாகக் கணக்கிலெடுப்பதுதான் பெரிய பிழை. 1 கிராம் குழாயில் 10 மில்லிகிராம் அன்ரிமனி போட்டால், அணுக்கணக்கில் பிளாற்றினம் 62 மடங்கு அதிகம். முழுவதையும் விழுங்கினாலும் குழாய்க்குப் பசி ஆறாது. வெளிக்கலத்தின் உருக்கு அரிக்கப்படும்போது பிறக்கும் ஐதரசன், சூடான பிளாற்றினச் சுவரை ஊடுருவி, கரைந்த அன்ரிமனி ஐதரொட்சைட்டை உலோகமாகத் தாழ்த்துகிறது. அது சுவரோடு சேர்ந்து பிளாற்றின அன்ரிமனைட்டாகிறது. பிறகு கரைசலை அளந்து "கரைதிறன் குறைவு" என்று எழுதினால், அது குழாய் தின்ற கணக்கு.

"அன்ரிமனி 630 பாகை செல்சியசில்தானே உருகும், அதற்குக் கீழே பயமில்லை" என்பார்கள். தாக்கத்துக்கு உருகல் தேவையில்லை, கரைசலே அதைச் சுவருக்குக் கொண்டுவருகிறது. 630ஐத் தாண்டினால் கலப்புலோகம் உருகிக் குழாயே ஓட்டையாகும். தங்கத்துக்கு மாறினாலும் கவனம்: தங்கமும் அன்ரிமனியும் 360 பாகையிலேயே சேர்ந்து உருகும்.

300 பாகை வரையான அமில, நடுநிலைக் கரைசல்களுக்குத் தடித்த சிலிக்காக் குழாய் நல்லது. காரச் சல்பைட்டுக் கரைசலில் வேண்டாம், சிலிக்காவே கரையும். பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். ஐந்தில் நான்கு பங்கு நிரப்பினால் 250 பாகை அளவில் நீர் முழு இடத்தையும் பிடித்துவிடும். அதன்பின் ஒவ்வொரு பாகைக்கும் அமுக்கம் 10 பாருக்கு மேல் ஏறும்.

கிணற்றுத்தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள், எங்கள் பக்கத்துக் கடினநீர் தெரிந்ததுதானே. பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணியையும் நம்பவேண்டாம். குளோரைட்டும் ஒட்சிசனும் அமிலத்தோடு சேர்ந்தால் பிளாற்றினமும் மெல்லக் கரையும். தூயநீரில் அரைமணிநேரம் நைதரசனைச் செலுத்தியபின் அடையுங்கள்.

இரவில் மின்வெட்டு வந்தால் அந்தச் சோதனை ஓட்டத்தைக் கைவிடுங்கள். மெதுவாகக் குளிர்கையில் அன்ரிமனி வீழ்படிவாகும், மீண்டும் சூடாக்கினால் பழைய நிலை திரும்பாது. வழக்கமான ஓட்டத்திலும் குழாயைத் திடீரெனக் குளிர்வித்து, தாத்தாரிக்கமிலம் கலந்த ஐதரோகுளோரிக்கமிலத்தால் கழுவுங்கள். வெறும் நீரில் ஐதாக்கினால் வெள்ளையாக ஒட்சிக்குளோரைட்டு இறங்கும். பிளாற்றினக் குழாயைக் கழுவ இராசதிராவகம் (நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் சேர்ந்த கலவை) கூடவே கூடாது, சுவரும் சேர்ந்து கரையும். கழுவியபின் சுவரை வெட்டி மினுக்கி நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: போட்ட அன்ரிமனியில் கரைசலில் காணாமற்போன பங்கு அங்கேதான் இருக்கும்.